விளக்காத கெண்டி

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. அறுபத்தொரு வயதில் ஒரு மனிதன் இதைவிடக் கம்மியாக ஆசைப்பட முடியாது. அந்த நாற்காலி சென்னையில், கடற்கரைச் சாலையில் இருக்கும் பூபாலன் சாரின் பழம்பொருள் கடையில், ஏசிக்குக் கீழே கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் இது இன்ன பொருள், இன்ன ஊர், இன்ன காலம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. உருப்படியாக ஒரு சாமான் கொண்டுவாருங்கள் சந்தியாகு, அதோடு மலை ஏறுவதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுங்கள் என்று போன கிறிஸ்துமஸுக்கு அவரே சொன்னார்.

என் முழுப்பெயர் சந்தியாகப்பன். வீடு கண்ணமங்கலத்தில். இருபத்தாறு வருடமாக ஜவ்வாது மலை ஏறி இறங்குகிறேன். மலை வீடுகளில் பழைய சாமான் இருந்தால் பார்த்து, பேசி, பூபாலன் சார் தரும் முன்பணத்தில் வாங்கி அவருக்கு அனுப்புவது என் பிழைப்பு. பஸ் விட்ட இடத்திலிருந்து ஷேர் ஜீப், ஜீப் விட்ட இடத்திலிருந்து நடை. முன்பெல்லாம் ஒரே நாளில் மூன்று ஊர் பார்த்துவிட்டு இறங்குவேன். இப்போது ஒரு ஊர் பார்த்துவிட்டு இறங்கினால் மூன்று நாள் முட்டிக்குத் தைலம் போட வேண்டியிருக்கிறது.

பழசாக இருந்துவிட்டால் மட்டும் ஒரு சாமான் பழம்பொருள் ஆகிவிடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் துருப்பிடித்த பம்புசெட் குழாயைக்கூடத் தடவிப் பார்த்து ஆன்டிக் என்பார்கள். மலைமேல் இருப்பவர்களுக்கோ தாத்தா காலத்துச் சாமானை வைத்திருப்பதே கூச்சம். எவர்சில்வர் வாங்க வக்கில்லாதவர்கள் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். நூறு வருடம் தாண்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பதிவு செய்யும் வேலையெல்லாம் பூபாலன் சார் பார்த்துக்கொள்வார். ஆனால் வயது மட்டும் போதும் என்றால் இந்த மலையில் கிடக்கும் கல்லையெல்லாம் மூட்டை கட்டி விற்றிருப்பேன். கையால் செய்ததாக இருக்க வேண்டும், ஒட்டுப் போட்டிருக்கக் கூடாது. யார் வீட்டில் எதற்காக இருந்தது என்று சொல்லவும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே களிம்பு போயிருக்கக் கூடாது.

களிம்பு என்றால் வெண்கலத்தின் மேல் கறுப்பும் பச்சையுமாக ஏறும் தோல். நூறு வருடத்துக் காற்றும் புகையும் கைப்பிசுக்கும் சேர்ந்து போட்ட தோல் அது. அதைப் பார்த்துத்தான் வாங்குகிறவன் வயதை நம்புவான். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், போன வாரம் கடையில் வாங்கிய சாமானுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இதை நம் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த மலையில் தடுக்கி விழுந்தால் புளியமரம். எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் புளி போய்விட்டிருக்கும். இருபத்தாறு வருடத்தில் தோல் உரிக்காத ஒரு வெண்கலத்தை நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் மாசி பிறந்த வாரத்தில் பார்த்தேன்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பத்துப் பன்னிரண்டு வீடு உள்ள ஓர் ஊர். சக்கரவர்த்தி என்பவர் வீட்டில் பழைய மரக்கால் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மனிதர் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிறார். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, கூரை ஒழுகும் சக்கரவர்த்தி. மரக்காலைக் கரையான் பாதி தின்றிருந்தது. வந்ததற்குத் தண்ணீராவது குடித்துவிட்டுப் போகலாம் என்று மாட்டுக் கொட்டகை ஓரமாக வந்தபோது, உள்ளே மூங்கில் கட்டையில் கயிறு கட்டி ஏதோ தொங்கியது.

கெண்டி. மூக்கு வைத்த செம்பு. அடியிலிருந்து கழுத்து வரைக்கும் கறுத்து, கழுத்துக்குக் கீழே பச்சை பூத்து, மூக்கு மட்டும் அன்னம் தலை திருப்பினதுபோல் மெல்ல வளைந்திருந்தது. சுற்றிலும் கொடி வேலைப்பாடு. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓர் ஒட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை. கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

சக்கரவர்த்தியின் மனைவி பச்சையம்மா தொடாதீர்கள் என்றார். அது தீட்டுச் சாமானாம். அந்த வம்சத்தில் ஓர் உயிர் போகிற நேரத்தில் வாயில் கடைசித் தண்ணீரை அந்தக் கெண்டியில்தான் ஊற்றுவார்கள். வேறு எதற்கும் எடுப்பதில்லை. ஊற்றி முடித்ததும் அப்படியே கொண்டுவந்து கொட்டகையில் மாட்டிவிடுவார்கள். வீட்டுக்குள் வராது, மற்றப் பாத்திரத்தோடு சேராது, யாரும் தேய்த்து விளக்கவும் மாட்டார்கள். சக்கரவர்த்தியின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் என்றார்.

விளக்க மாட்டார்கள் என்ற சொல் என் காதில் தேனாக விழுந்தது. சாவு வந்து காப்பாற்றிக் கொடுத்த களிம்பு. மற்றதெல்லாம் எனக்கு அப்போது கேட்கவில்லை.

சக்கரவர்த்திக்கு மழைக்கு முன்னால் கூரைக்கு சீட் போட வேண்டியிருந்தது. அவர் கேட்டதற்கு மேலேயே தருவதாகச் சொல்லிப் பாதியை அங்கேயே கையில் கொடுத்தேன். அவருடைய அப்பா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், பெயர் சின்னக்குழந்தை. கட்டையால் ஒரு போடு போட்டால் ஓடு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். என்னைவிட நன்றாக இருந்தார். நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எனுக்கு ஊத்த இன்னும் நாளு கெடக்குது. நீ தூக்கினு போப்பா.”

ஆனால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக விடவில்லை. அமாவாசை தாண்டித் தீட்டுக் கழித்துத்தான் தருவோம் என்றார்கள். ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம், அவ்வளவுதானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். எப்படிக் கழிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய் விளக்காதே விளக்காதே என்று கத்துகிறவன், விளக்கவே விளக்காத வீட்டில் எதற்கு அதைச் சொல்ல வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

நான் அனுப்பிய போட்டோவையும் கூடவே எழுதிய கதையையும் பார்த்ததும் பூபாலன் சாரே கூப்பிட்டார். நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது என்றார். பங்குனி முதல் வாரம் நாற்காலிக்கு வந்துவிடுங்கள் என்றார். வீட்டில் மார்த்தாளிடம் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் உடனே கொண்டாடியதில்லை. நாற்காலி சென்னையில் இருந்தால் கட்டில் எங்கே இருக்கும் என்று கேட்டாள். எங்கள் மகன் ஆபேல் குவைத்தில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாரம் ஒரு தரம் வந்துவிடுவேன் என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மாசி கடைசியில் மறுபடி ஏறினேன். இதுதான் கடைசி ஏற்றம் என்று முட்டியிடம் சொல்லிச் சொல்லி நடந்தேன். சக்கரவர்த்தி மொட்டைத் தலையோடு வெளியே வந்தார். கையில் காசு வந்ததும் திருப்பதிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஏது என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. சாமானைக் கொண்டுவரச் சொன்னேன்.

பச்சையம்மா புதுத் துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துப் பிரித்தார்.

மஞ்சளாக மின்னியது. என் முகம் அதில் தெரிந்தது, வாயைப் பிளந்துகொண்டு. கறுப்பு இல்லை, பச்சை இல்லை. கொடி வேலைப்பாட்டின் இடுக்கில்கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் குச்சி விட்டுக் குடைந்து எடுத்திருந்தார்கள். புதுப் புளியைக் கரைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டு, சாம்பல் வைத்து இரண்டு நாள் தேய்த்தாராம். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததைக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார்.

நான் கத்தினேன். எனக்கு அப்படிக் கோபம் வந்து பல வருடமாகிறது. என் நாற்காலி போச்சு, என் முட்டி போச்சு, இருபத்தாறு வருடம் அலைந்து கிடைத்த ஒன்றே ஒன்றும் போச்சு. இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்ல முடியாது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். புத்தி இருக்கிறதா என்றேன், இனி இது எடைக்குத்தான் போகும் என்றேன்.

“அதோட வயச பூரா தேச்சிப் போட்டியேம்மா.”

பச்சையம்மா துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு என் கோபம் புரியவில்லை. ஏதோ குறை வைத்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது.

“சாவுத் தீட்டுண்ணா. அப்டியே எப்டி உங்க வூட்டுக்கு அனுப்பறது? அண்ணி பொழங்கற வூடு. நல்லா இருக்கணும்னுதான் தேச்சேன்.”

அதற்கு மேலும் நான் அடங்கவில்லை. எனக்கு யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டியிருந்தது. பெரியவர் எங்கே, அவரைக் கூப்பிடுங்கள், அவருக்குத் தெரிந்துதான் இந்தக் கூத்து நடந்ததா, அவரிடமே கேட்கிறேன் என்றேன். வாசலில் புளி தட்டும் கட்டை மட்டும் கிடந்தது.

சக்கரவர்த்திதான் சொன்னார்.

“அப்பா போயி ஏழு நாளாவுதுண்ணா.”

இரண்டு நாள் ஜுரமாம். ஜீப் வர வைத்துக் கீழே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன். துக்க வீட்டில் நின்றுகொண்டு கால்மணி நேரமாகக் கத்தியிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. உட்காருங்கள் என்று பச்சையம்மா ஒரு சாக்கை விரித்துப் போட்டார்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வந்த யோசனை, அப்படியானால் கெண்டியை எடுத்து அவருக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்களே, உள்ளே ஈரம் பட்டிருக்குமே என்பதுதான். மனிதன் எவ்வளவு கேடுகெட்டவனாக ஆகிவிடுகிறான் பாருங்கள். இதில்தான் ஊற்றினீர்களா என்று கேட்டும்விட்டேன்.

“இல்லீங்கண்ணா,” என்றார் சக்கரவர்த்தி. “அமாவாசைக்கே கழிச்சி உங்க பேருக்கு வச்சாச்சி. உங்க பொருள எடுத்து மறுபடி தீட்டு ஏத்தி எப்டி குடுக்கறது? கேட்டா குடுப்பீங்கதான். கேக்கறதுக்கு நீங்க இங்க இல்ல. பாட்டில்லதான் ஊத்தினேன்.”

எந்தப் பாட்டில் என்று நான் கேட்கவில்லை. அவராகவே கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பினார். கெண்டி தொங்கிய அதே மூங்கில் கட்டையில், அதே கயிற்றில், கலர் குடித்துவிட்டுப் போடும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கியது. ஆரஞ்சுப் பழம் போட்ட காகிதம் பாதி கிழிந்து அதிலேயே ஒட்டியிருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. கடைசித் தண்ணீர் ஊற்றியது, வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கழுவக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. முறைப்படி மாட்டியிருந்தார்கள்.

இன்னும் நூறு வருடம் போனால் என்னைப்போல் எவனாவது வந்து அதைக் கழற்றச் சொல்லி விலை கேட்பானோ என்னவோ. கேட்டால் இவர்களின் பேரன்கள் கழித்துக் கொடுப்பார்கள்.

கெண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சக்கரவர்த்தி ஒப்பவில்லை. நான் கொடுத்தது அடக்கத்துக்குச் செலவாகிவிட்டது, வாங்கின காசுக்குப் பொருளைக் கொடுக்காமல் இருக்க முடியாது என்றார். கழித்த சாமானை மறுபடி கொட்டகையில் மாட்டவும் முறை இல்லையாம். பேசிக்கொண்டே போக எனக்குத் தெம்பு இல்லை. மீதியையும் கொடுத்துவிட்டு, துண்டோடு சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பச்சையம்மா வழியில் தின்னச் சொல்லி இரண்டு கை சாமைச் சோறு கட்டிக் கொடுத்தார். நான் கத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு பாறைமேல் ஏறினால் போன் எடுக்கும். ஏறிப் பூபாலன் சாரைக் கூப்பிட்டு, விளக்கிவிட்டார்கள் சார், எல்லாம் போய்விட்டது என்றேன். அவர் பதறவே இல்லை. கடையில் ஓர் ஆள் இருக்கிறானாம், மருந்து வைத்து மூன்றே நாளில் கறுப்பும் பச்சையும் ஏற்றிவிடுவானாம், கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாதாம். களிம்பை ஏற்றிக்கொள்ளலாம் சந்தியாகு, கதையைத்தான் ஏற்ற முடியாது, அந்தக் கதை உங்களிடம் இருக்கிறது, அதற்குத்தான் உங்களுக்கு நாற்காலி என்றார்.

அப்படியானால் நாற்காலி இன்னும் இருக்கிறது. பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும்போல இருந்தது. பெரியவர் போனதையும் பாட்டிலையும் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது.

“போன வாரம்தான் போனாரா? இது இன்னும் நல்லா இருக்கே. அந்தப் பெரியவருக்குக் கடைசித் தண்ணி இதுலதான் ஊத்துனாங்கன்னு சொல்லுங்க. பாட்டில் வேணாம், அத விட்டுடுங்க.”

“அவருக்கு இதுல ஊத்தலைங்க சார்.”

“அது யாருக்குத் தெரியப்போவுது?”

“இதுல ஊத்தலைங்க,” என்றேன் மறுபடி.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. முப்பது வருடச் செம்பை நூறு வருடம் என்று கூசாமல் சொல்லி விற்றிருக்கிறேன். எங்கோ சந்தையில் வாங்கின விளக்கை ஜமீன் வீட்டு விளக்கு என்றிருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் ஏசிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை, அந்தக் கிழவர் வாயில் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற வேண்டிய நேரத்தில் பெற்ற பிள்ளைக்கே கெண்டி கையில் கிடைக்காமல் செய்தவன் நான். அது என்னால் ஆகாது. இதைப் பூபாலன் சாருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாமானை நானே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கொடுத்த முன்பணத்தை என் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். நாற்காலியைக் காலியாகப் போட்டு வைக்க முடியாது சந்தியாகு, சரித்திரம் படித்த ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். சரிங்க என்றேன். அடுத்த வாரம் புதூர்நாட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார். அதற்கும் சரிங்க என்றேன்.

கண்ணமங்கலம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மார்த்தாள் பையைத் திறந்து கெண்டியை எடுத்தாள். இன்னா இது தங்கமாட்டம் மின்னுது என்றாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதைச் சொன்னேன், பாட்டிலைச் சொன்னேன், நாற்காலி போனதையும் சொன்னேன். நடுவில் எனக்கு அழுகை வந்தது. முடிந்ததும் அவள் எழுந்துபோய்ப் பானையிலிருந்து கெண்டியில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

நான் சொன்னது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அது உயிர் போகிறவர்களுக்கு ஊற்றுகிற கெண்டி என்று மறுபடியும் சொன்னேன்.

“கேட்டுனுதான் இருந்தேன். ஆபேல் குவைத்துல இருந்து வர்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேர்ல யாரு முந்தறமோ தெரியாது. இருக்கறவங்க போறவங்களுக்கு இதுல ஊத்தலாம். இது இந்த வூட்லயே இருக்கட்டும். அப்ப ஊத்தனா உனுக்கு ருசி தெரியவா போவுது? இப்பவே குடி.”

வாங்கிக் குடித்தேன். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை போலிருக்கிறது. அவள் இன்னொரு தடவை நிரப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.